எடை போடுகிறவள்

மீன் தொழிற்சாலையில் என் வேலை
எடை போடுவது.
காட், ஹேடக், எப்போதாவது
பல்லைக் காட்டிக்கொண்டு ஓர் ஓநாய்மீன்.
எண் ஆடி நிற்கும்வரை காத்திருந்து எழுதுவேன்.
பதினேழு வருடத்தில் ஒரு கிராம்கூட
யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகவே டாக்டர் குன்லோய்குர் என்னைத் தராசில் ஏற்றியபோது
அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள்
நானே படித்துச் சொல்லிவிட்டேன்.
ஓடுங்கள், இல்லையென்றால் நீந்துங்கள் என்றார்.
எது?
எதை விடாமல் செய்வீர்களோ, அது.
இதெல்லாம் ஒரு பதிலா?
ஏலக்கூடத்தில் இப்படிப் பேசினால்
பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் ஓட்டம்.
எங்கள் ஊருக்கு ஒரே சாலை,
இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் கடல்,
கடைசியில் மஞ்சள் கலங்கரை விளக்கம்.
முந்நூறு மீட்டர் போவதற்குள் ஒரு கார் நின்றது:
என்ன ஆச்சு ஸ்டெயின்வோர், ஏறிக்கொள்!
அடுத்து நின்றது தீயணைப்பு வண்டி.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில் ஓடுகிறவள் என்றால்
எதையோ தவறவிட்டவள்
அல்லது எதற்கோ பயந்தவள்.
உடற்பயிற்சி என்றேன்.
ஓ, அப்படியானால் வீட்டில் இறக்கிவிடவா என்றார்கள்.

போகும்போது எதிர்க்காற்று.
திரும்பும்போதும் எதிர்க்காற்று.
எப்படி என்று கேட்காதீர்கள்,
இங்கே காற்றுக்குக் கணக்கு வராது.
மூன்றாம் வாரம் வலது முட்டி
மாடிப்படியில் முணுமுணுக்கத் தொடங்கியது.
ஆனாலும் விளக்கின் சுவரைத் தொட்டுத் திரும்பிய அன்று
வாயெல்லாம் இரும்புச் சுவை,
காதுக்குள் என் மூச்சைத் தவிர வேறு யாருமில்லை.
அது பிடித்திருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

பிறகு நீச்சல்.
பூமி தன் வயிற்றிலிருந்து சூடாக அனுப்பும் தண்ணீர்,
மேலே பனி, பூஜ்யத்துக்கும் கீழே நான்கு.
இறங்குமுன் ஒரு விதி உண்டு:
உடுத்தியதெல்லாம் களைந்து, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.
அடுத்த குழாயின் கீழ் ஆல்ஃப்ரூன்.
என் முன்னாள் கணவனின் இந்நாள் மனைவி.
விலாங்கு மாதிரி வழுவழுப்பான உடம்பு என்று
மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்தேன்.
இடுப்பிலிருந்து விலா வரை நீளத் தழும்பு.
எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.
சோப்பு வேண்டுமா என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
ஒளிந்துகொள்ள ஒரு துணியும் இல்லாத இடத்தில்
வேறென்ன செய்வது?

தண்ணீரில் எடை போய்விட்டது.
குறைந்தது என்று சொல்லவில்லை. போய்விட்டது.
பன்னிரண்டு முறை போய்வந்தேன்,
பதின்மூன்றாவதா என்று சந்தேகம் வந்தபோது
எண்ணிக்கையை அப்படியே விட்டேன்.
நெற்றியில் பனி விழுந்தது, காலடியில் வெந்நீர்.

என்ன, பசிதான்.
ஓட்டம் பசியைக் கொன்றது,
நீச்சல் அதைக் கைபிடித்து அழைத்துவந்தது.
பெட்ரோல் பங்கில் பொரித்த வெங்காயம் தூவிய ஹாட் டாக்,
இரண்டு, நின்றபடியே,
ஈரத் தலைமுடி குச்சி குச்சியாக உறைந்துகொண்டிருக்க.

ஆறு வாரம் ஓட்டம்: மூன்று கிலோ அறுநூறு.
ஆறு வாரம் நீச்சல்: நானூறு கிராம்,
அதாவது ஒரு நல்ல ஹேடக்கின் தலை.
இரண்டையும் ஒரே தாளில் எழுதி
அடியில் கோடு போட்டேன்.
எனக்குக் கணக்கில் நம்பிக்கை உண்டு,
சம்பளமே அதற்குத்தான்.

இன்று காலை ஆறரை மணி, இன்னும் கும்மிருட்டு.
வாசலில் ஓட்டச் செருப்பு
மூக்கை வெளியே நீட்டியபடி கிடந்தது.
தாண்டிப் போனேன்.
பையில் துண்டு இருக்கிறது,
நீச்சலுடை இருக்கிறது,
சீப்புகூட இருக்கிறது.

சோப்பை மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றே
வைத்துக்கொள்ளுங்கள்.